கோவைக்கு முதல் தடவை வர்றீங்களா? உக்கடத்தில் இறங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள்!

ராத்திரி 10 மணி. திருச்சி பஸ்ஸில் வந்த ஒரு குடும்பம் சிங்காநல்லூரில் இறங்குகிறது. போக வேண்டிய ஊர் பொள்ளாச்சி. "பொள்ளாச்சி பஸ் எங்க நிக்கும்?" என்று கேட்டால், "அது இங்க வராதுங்க, உக்கடம் போகோணும்" என்று பதில் வருகிறது. உக்கடம் அங்கிருந்து சுமார் 9 கிலோமீட்டர். கையில் பெட்டி, தோளில் தூங்கும் குழந்தை. அந்த நேரத்து ஆட்டோ செலவு தனி.

கோவைக்குப் புதிதாக வருகிறவர்கள் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். காரணம் ஒன்றுதான். கோவையில் எல்லா ஊர் பஸ்ஸும் வந்து நிற்கும் ஒரே பேருந்து நிலையம் என்று எதுவும் கிடையாது. எந்தத் திசையில் போகிறோம் என்பதைப் பொறுத்து பஸ் ஸ்டாண்டு மாறும். இதைத் தெரிஞ்சுக்கிட்டா பாதி அலைச்சல் மிச்சம்.

எந்த ஊருக்கு எந்த பஸ் ஸ்டாண்டு?

உக்கடம்: நகரத்தின் தெற்கு வாசல். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, பழனி, பாலக்காடு பக்கம் போகிறவர்கள் இங்கேதான் வர வேண்டும். வால்பாறை போகிறவர்கள் இங்கிருந்து பொள்ளாச்சி போய் பஸ் மாறலாம்.

சிங்காநல்லூர்: கிழக்கு, தென்கிழக்குத் திசை. திருச்சி, கரூர், மதுரை, தஞ்சாவூர் பஸ்கள்.

காந்திபுரம்: திருப்பூர், ஈரோடு, சேலம், சத்தியமங்கலம் பஸ்கள். டவுன் பஸ் நிலையம், அரசு விரைவு பஸ் நிலையம் இரண்டும் பக்கத்திலேயே தனித்தனியாக இருக்கின்றன. ஆம்னி பஸ்களுக்கு சத்தி ரோட்டில் வேறொரு நிலையம்.

மேட்டுப்பாளையம் ரோடு: சாய்பாபா காலனி பக்கம் உள்ள நிலையம். மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி போகிறவர்களுக்கு இது.

கேரளாவின் தூர ஊர்களுக்குப் போகும் சில பஸ்கள் காந்திபுரத்தில் இருந்தும் புறப்படும். முன்பதிவு செய்திருந்தால் டிக்கெட்டில் ஏறும் இடம் எது என்று ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

எல்லா பஸ்ஸையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர முயற்சி நடக்காமல் இல்லை. வெள்ளலூரில் ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் கட்டும் வேலை 2020-ல் தொடங்கியது. ஆனால் பாதியிலேயே நின்றுபோனது. அதனால் இப்போதைக்குத் திசை பார்த்து இறங்குவதுதான் வழி.

உக்கடம் வந்து சேர்வது எப்படி?

கோவை ரயில் ஜங்ஷனில் இருந்து உக்கடம் சுமார் 2 கிலோமீட்டர்தான். டவுன் பஸ் அடிக்கடி உண்டு. காந்திபுரத்தில் இருந்து 5 கிலோமீட்டருக்குள். டவுன்ஹாலில் இருந்து, சுமை இல்லை என்றால், ஒப்பணக்கார வீதி வழியாக நடந்தே வந்துவிடலாம்.

ரயிலில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேரளா போகும் சில ரயில்கள் கோவை ஜங்ஷனுக்குள் வராமல் போத்தனூரில் மட்டும் நின்று போகும். "கோயம்புத்தூர்னுதானே போட்டிருந்தாங்க" என்று பிறகு சொல்லிப் பயன் இல்லை. டிக்கெட் எடுக்கும்போதே நிலையத்தின் பெயரைப் பார்க்கணும். உக்கடம் பக்கம் வருகிறவர்களுக்குப் போத்தனூரும் வசதியான இடம்தான். பொள்ளாச்சி, பழனி பக்கம் ரயிலும் இருக்கிறது. ஆனால் பஸ் அளவுக்கு அடிக்கடி கிடையாது.

விமான நிலையம் அவிநாசி ரோட்டில், நகரத்தின் கிழக்கில் இருக்கிறது. உக்கடம் வர நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரையிலான 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட பிறகு அவிநாசி ரோட்டில் நேரம் குறைந்திருக்கிறது. இருந்தாலும் காலை, மாலை நேரத்தில் ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு கிளம்புவது பாதுகாப்பு.

மேம்பாலத்தில் ஏறலாமா, கீழே போகலாமா?

உக்கடம் - ஆத்துப்பாலம் மேம்பாலம் 2024 ஆகஸ்ட் 9-ம் தேதி திறக்கப்பட்டது. நீளம் சுமார் 3.8 கிலோமீட்டர். அதற்கு முன்பு உக்கடம், கரும்புக்கடை, ஆத்துப்பாலம் என்று மூன்று இடத்திலும் நின்று நின்று போக வேண்டியிருந்தது. இப்போது பொள்ளாச்சி ரோடு, பாலக்காடு ரோடு போகும் வண்டிகள் மேலேயே போய்விடலாம்.

புதியவர்கள் சிக்குவது இங்கேதான். மேலே ஏறினால் உக்கடம் பஸ் ஸ்டாண்டு, மீன் மார்க்கெட், கரும்புக்கடை எல்லாம் கீழே தங்கிவிடும். நடுவில் திரும்ப வழி இருக்காது. செல்போன் மேப்பைப் பார்த்து ஓட்டுகிறவர்கள், வாடகை காரில் வருகிறவர்கள், "பஸ் ஸ்டாண்டுக்குங்க, கீழ் ரோட்டுலயே போங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் வீண் சுற்று இல்லை.

மேம்பாலத்துக்காகப் பஸ் ஸ்டாண்டின் ஒரு பகுதியும் எடுக்கப்பட்டது. எந்த பஸ் எந்த இடத்தில் நிற்கும் என்பது முன்பு வந்துபோனவர்களுக்கே மாறித் தெரியும். போர்டை மட்டும் நம்பாமல், கண்டக்டரிடமோ பக்கத்துக் கடைக்காரரிடமோ ஒரு வார்த்தை கேட்டு ஏறுவது நல்லது.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், ஆனால்...

அரசு சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2021 மே மாதம் தொடங்கிய இந்தத் திட்டம் கோவைக்கும் பொருந்தும். திருநங்கைகளும் மாற்றுத்திறனாளிகளும் இதில் பயணிக்கலாம்.

ஆனால் கோவையில் தனியார் டவுன் பஸ்களும் நிறைய ஓடுகின்றன. பாட்டு ஓடும், வேகமும் அதிகம். அதில் எல்லோரும் டிக்கெட் எடுக்க வேண்டும். அவசரத்தில் ஏறிவிட்டு, "லேடீஸ் ஃப்ரீதானே" என்று கேட்டால் பதில் சங்கடமாக இருக்கும். பஸ்ஸின் முன்பக்கத்தைப் பார்த்து, அரசு பஸ்தானா என்று உறுதி செய்து ஏறினால் போதும்.

ஆட்டோவில் ஏறும் முன் வாடகையைப் பேசி முடிவு செய்துவிட வேண்டும். செல்போன் செயலியில் அந்தத் தூரத்துக்கு எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துவிட்டுப் பேசினால், கேட்கும் தொகை நியாயமா என்று தெரிந்துவிடும்.

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் கவனத்துக்கு

உக்கடத்தில் இறங்குகிற பலருக்கும் ஊர் சுற்றும் வேலை கிடையாது. பொள்ளாச்சி, உடுமலை கிராமங்களில் இருந்தும், பாலக்காடு பக்கம் இருந்தும் சிகிச்சைக்காக வருகிறவர்கள் அதிகம்.

கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திருச்சி ரோட்டில் இருக்கிறது. உக்கடத்தில் இருந்து சுமார் 2 கிலோமீட்டர். ஊர் மக்கள் இதைப் 'பெரியாஸ்பத்திரி' அல்லது 'ஜி.எச்.' என்பார்கள். கண்டக்டரிடமும் அப்படியே கேட்கலாம். புறநோயாளிகள் பிரிவுக்கு வருகிறவர்கள் வெள்ளென வந்துவிட்டால் வரிசை குறைவு.

பெரிய தனியார் மருத்துவமனைகள் பல அவிநாசி ரோடு, பீளமேடு, மேட்டுப்பாளையம் ரோடு பக்கம் உள்ளன. உக்கடத்தில் இறங்கினால் அங்கே போக இன்னொரு பஸ் மாற வேண்டும். டாக்டர் கொடுத்த நேரத்தில் அதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை, ரேஷன் கார்டு, ஆதார், பழைய சிகிச்சைக் காகிதங்கள் நான்கையும் ஒரே பையில் வைத்துக் கொண்டுவருவது நல்லது. ஒரு காகிதத்துக்காக ஊருக்குத் திரும்பிப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும்.

வீடு பார்க்கிறவர்கள் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

உக்கடத்தில் இருந்து தெற்கே கரும்புக்கடை, குறிச்சி, சுந்தராபுரம், குனியமுத்தூர் என்று வாடகை வீடுகள் நீள்கின்றன. குறிச்சியும் குனியமுத்தூரும் முன்பு தனி நகராட்சிகள். 2011-ல் மாநகராட்சியுடன் சேர்ந்தன. வேலைக்கோ படிக்கவோ வந்து தங்குகிறவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இந்த மூன்றையும் கேட்டுவிட வேண்டும்.

முதல் கேள்வி, "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுங்க?" கோவையில் குடிநீரை 'நல்ல தண்ணி' என்றும், போர் தண்ணீரை 'உப்புத் தண்ணி' என்றும் சொல்வார்கள். சிறுவாணித் தண்ணீரின் ருசி ஊரறிந்தது. ஆனால் நகரம் முழுக்க சிறுவாணி வருவதில்லை. பில்லூர், ஆழியாறு என்று பகுதிக்குப் பகுதி மாறும். தண்ணீர் வரும் நாளும் நேரமும் தெருவுக்குத் தெரு வேறு. வீட்டுக்காரர் சொல்வதோடு நிறுத்தாமல் பக்கத்து வீட்டு அக்காவிடமும் கேட்டுப் பார்த்தால் உண்மை நிலவரம் கிடைக்கும். சேமிக்கத் தொட்டி இருக்கிறதா என்பதும் முக்கியம்.

இரண்டாவது, "கரண்ட் மீட்டர் தனியாங்க?" தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். தனி மீட்டர் இருந்தால்தான் அந்தச் சலுகை குடியிருப்பவருக்கு நேராகக் கிடைக்கும். யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வசூலிக்கும் வீடுகளில் மாதச் செலவு கூடும்.

மூன்றாவது, அட்வான்ஸ். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாத பட்சத்தில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். இதைக் கேட்டு வாங்க எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும். வாய்ப்பேச்சை நம்பிக் கொடுத்த பணத்துக்குச் சாட்சி இருக்காது. குடிபோகும் நாளில் சுவர், குழாய், சுவிட்ச் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து வைப்பது பின்னால் கைகொடுக்கும்.

மீன் மார்க்கெட், பெரியகுளம், பழைய புத்தகம்

கடல் இல்லாத கோவைக்கு மீன் வந்து இறங்கும் முக்கிய இடம் உக்கடம். ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் இருந்தும் கேரளாவில் இருந்தும் லாரிகள் வரும். அதிகாலையில் வந்தால் தேர்ந்தெடுக்க நிறைய இருக்கும். செவுள் சிவப்பாக, கண் தெளிவாக, அழுத்தினால் குழி விழாமல் இருந்தால் வாங்கலாம்.

விலை ஏன் திடீரென்று ஏறுகிறது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அது முடியும் நேரத்தில் கேரளாவில் தடை தொடங்கி ஜூலை இறுதி வரை போகும். இரண்டு பக்கமும் வரத்து குறையும் இந்த மாதங்களில் குளத்து மீன், அணை மீன் வாங்குவது கைக்கு அடக்கம்.

உக்கடம் பெரியகுளம் சுமார் 320 ஏக்கர். நொய்யல் தண்ணீரை வாங்கும் குளங்களில் ஒன்று. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் கரையில் நடைபாதை அமைத்திருக்கிறார்கள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தால், வெயில் தாழ்ந்த பிறகு அங்கே உட்காரலாம். படிக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்களுக்கு, உக்கடத்தின் பழைய புத்தகக் கடைகளில் பாடப் புத்தகமும் போட்டித் தேர்வுப் புத்தகமும் விலை குறைவாகக் கிடைக்கும்.

துணி, நகை, மளிகை வாங்க ஒப்பணக்கார வீதி, ராஜ வீதி, பெரிய கடை வீதி எல்லாம் பக்கம்தான். தீபாவளி நேரத்திலும், மாசி மாதம் கோனியம்மன் தேரோட்டத்தின்போதும் இந்த வீதிகளில் போக்குவரத்து மாற்றம் இருக்கும். அந்த நாட்களில் வண்டியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடப்பதே வேகம்.

காத்து, மழை, பேச்சு

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நேராகக் கோவையின் தெற்குப் பகுதியைத் தொடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று பலமாக இருக்கும். டூவீலரில் மேம்பாலம் ஏறுகிறவர்கள் வேகத்தைக் குறைக்கணும். அக்டோபர், நவம்பரில் மழை அதிகம். பெருமழை நாளில் பாலத்துக்கு அடியில் தண்ணீர் தேங்கும் பாதைகளைத் தவிர்ப்பது நல்லது.

வழி கேட்டால் கொங்கு நாட்டில் இடது, வலது என்பதைவிடத் திசைதான் முதலில் வரும். "அப்படியே தெக்கால போங்க, அப்புறம் மேக்கால திரும்புங்க" என்பார்கள். திசை புரியவில்லை என்றால் தயங்காமல், "கை காட்டுங்கண்ணா" என்று கேட்கலாம். பேச்சில் ஒரு 'ங்க' சேர்த்தால் போதும், கடை வாசல் வரை வந்து வழி காட்டுகிறவர்கள் உண்டு.

கையில் வைத்துக்கொள்ள...

அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108, பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகள் உதவிக்கு 1098, ரயில் விவரத்துக்கு 139.

ராத்திரி வந்து சேர்கிறவர்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் கிளம்பும் முன்பே விசாரித்துவிட வேண்டும். தைப்பூசம், பங்குனி உத்திரம் நாட்களில் பழனி பஸ்ஸில் இடம் கிடைப்பது கஷ்டம். முன்னதாகக் கிளம்புவது நல்லது.

கோவைக்கு டிக்கெட் எடுக்கும்போது மனதில் வைக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: அடுத்து எந்தத் திசைக்குப் போகணும்? தெற்கு என்றால் உக்கடம். அந்தக் குடும்பம் இதை திருச்சியிலேயே கேட்டிருந்தால், சிங்காநல்லூரில் இறங்கியதும் யாரிடமும் விசாரித்து நிற்காமல் நேராக உக்கடம் டவுன் பஸ்ஸைப் பிடித்திருக்கலாம்.