ஓலைச் சுவடியும் மடிக்கணினியும்

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது; அரியலூருக்கு உண்டு. ஆகையால் பெரம்பலூரிலிருந்து ரயில் ஏற விரும்புகிறவன் முதலில் அரியலூர் பஸ்ஸுக்குள் தன்னைத் திணித்துக்கொள்ள வேண்டும். சென்ற ஐப்பசியில் ஒரு நாள், கல்லூரிக்குப் போகும் வேளை என்பதை மறந்து, நானும் அப்படித் திணித்துக்கொண்டேன். வயதைப் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் எழுந்து இடம் கொடுத்தான்.

நம் ஊர் பஸ்களில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. உட்கார்ந்திருப்பவர்கள், நிற்கும் மாணவர்களின் பைகளை மடியில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஐந்தே நிமிஷத்தில் என் மடியில் மூன்று பைகள் சேர்ந்துவிட்டன. என் பக்கத்தில் நின்ற பெண்ணும் சாப்பாட்டுப் பையைத் தந்தாள். ஆனால், முதுகில் மாட்ட வேண்டிய பையை மார்போடு அணைத்தபடியே நின்றாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் கம்பியைப் பிடிப்பதா, பையைப் பிடிப்பதா என்று தவித்து, ஒவ்வொரு தடவையும் பையையே பிடித்தாள்.

“அதையும் கொடேன் அம்மா” என்றேன்.

“லேப்டாப் இருக்குதுங்க ஐயா” என்றாள். சற்று யோசித்துவிட்டுக் கொடுத்தாள். கூடவே மூன்று கட்டளைகளும் இட்டாள். “கீழே வெச்சிராதீங்க. மேலே வேற பையை வைக்காதீங்க. நிமிர்த்தியே வெச்சிக்கங்க.”

மற்றப் பைகளைப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளிவிட்டு, அதை மட்டும் மடியில் வைத்துக்கொண்டேன். ‘மடிக்கணினி’ என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் பெயரின் பொருத்தம் அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அது அவளுடைய அண்ணனுக்குப் பிளஸ் டூ படிக்கும்போது சர்க்கார் கொடுத்ததாம். தமிழ்நாட்டில் அந்த இலவசத் திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பர் 15-இல். அடுத்த எட்டு ஒன்பது ஆண்டுகளில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அதைப் பெற்றார்கள். அண்ணன் படித்து முடித்தான். கணினி தங்கையிடம் வந்தது. அது பழுதானால் வீட்டில் வேறொன்று இல்லை. பையின் கனம் இரண்டு கிலோதான். ஆனால் அந்தப் பெண் சுமந்தது இரண்டு கிலோ அல்ல என்பது எனக்குத் தெரிந்தது.

பஸ் வயல்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தது. என் மனமோ நூற்றைம்பது ஆண்டுகள் பின்னால் ஓடியது. ஏனென்றால் இது சாதாரணச் சீமை அல்ல. 1855-இல் பிறந்த உத்தமதானபுரத்துப் பையன் ஒருவன், தமிழ் படிக்க வேண்டும் என்ற ஒரே தாகத்தோடு அலைந்து திரிந்த சீமை. பிற்காலத்தில் தமிழுலகம் அவரை மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையர் என்று போற்றியது. அரியலூரில் சடகோபையங்காரிடம் பாடம் கேட்டார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம் கேட்டார். பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் கேட்டார். ஆசிரியர் எந்த ஊரில் இருந்தாரோ அந்த ஊருக்குக் குடும்பமே பெயர்ந்தது. பஸ் இல்லை, பாஸும் இல்லை. மாட்டு வண்டி கிடைத்தால் வண்டி, இல்லாவிட்டால் கால்கள்.

அந்தக் காலத்து மாணவனுக்கும் ஒரு சுமை இருந்தது: ஓலைச் சுவடி. அதற்கும் எதிரிகள் அநேகம். மழை, செல், கறையான், நெருப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, அஜாக்கிரதை. ஆகவே நம் முன்னோர்கள் சுவடியின் இரு பக்கமும் மரச் சட்டம் வைத்தார்கள். துளையில் கயிறு கோத்துக் கட்டினார்கள். துணியில் சுற்றினார்கள். பூச்சி அண்டாமல் இருக்க மஞ்சளும் வேப்பிலையும் வசம்பும் துணை செய்தன. சரஸ்வதி பூஜை வந்தால் எடுத்துத் துடைத்தார்கள்.

இந்த மரச் சட்டத்தை நினைக்கும்போது எனக்கு வேறொரு மனிதரின் ஞாபகம் வருகிறது. கையில் தூக்கிச் செல்லக்கூடிய கணினியை முதன்முதலாக வியாபாரத்தில் வெற்றி பெறச் செய்தவர் ஆடம் ஆஸ்போர்ன். அவர் வளர்ந்தது எங்கே தெரியுமா? நம் திருவண்ணாமலையில்! அவருடைய தகப்பனார் ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியின் அடியவர். பையன் கொடைக்கானலில் பள்ளிக்கூடம் போனான். பிறகு கடல் கடந்தான். 1981-இல் அமெரிக்காவில் ‘ஆஸ்போர்ன் 1’ என்னும் கணினியை வெளியிட்டான். அதன் எடை பதினோரு கிலோ. திரை ஐந்தே அங்குலம். பார்வைக்குத் தையல் மெஷின் பெட்டி போல் இருக்கும். அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: எழுத்துப் பலகையே பெட்டிக்கு மூடி. பிரயாணம் புறப்படும்போது அதைத் திரையின்மேல் சாத்திப் பூட்டிவிடலாம். சுவடியின் மரச் சட்டம் செய்த வேலை அதுதான் அல்லவா? இரண்டே ஆண்டுகளில், 1983-இல், அவருடைய கம்பெனி திவாலாயிற்று. உலகமெல்லாம் சுற்றியவர் கடைசியில் கொடைக்கானலுக்கே திரும்பி வந்து, 2003-இல் அங்கே காலமானார்.

“மழை வந்தால் என்ன செய்வாய்?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

பையைத் திறந்து காட்டினாள். கணினியைச் சுற்றி அம்மாவின் பழைய நூல் புடவைத் துண்டு. அதன்மேல் உரச் சாக்குக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறை. தண்ணீர்ப் புட்டி அந்தப் பையில் கிடையாது. அது சாப்பாட்டுப் பையோடு. புத்தகங்கள் திரையை அழுத்தாதபடி மறு பக்கம். வீட்டில் அதை முழுவதும் அணைத்த பிறகே பையில் வைப்பாளாம். கணினியின் உள்ளே சுழலும் தட்டு ஒன்று இருக்கிறது. அது சுழலும்போது அதிர்ச்சி பட்டால், படிக்கும் முனை தட்டில் உரசி, எழுதியதெல்லாம் பாழாகும். அணைக்காமல் மூடிய பையில் வைத்தால் சூடும் ஏறும். சூடு மின்கலத்துக்கு ஆகாது.

“இவ்வளவும் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?”

“போன வருஷ மழைதாங்க ஐயா” என்றாள்.

சென்ற ஆண்டு பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு போவதற்குள் பெருமழை பிடித்துக்கொண்டதாம். பைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கணினியை எப்படியோ பிழைக்க வைத்தார்கள். ஆனால் அவள் ஆறு மாதமாக எழுதி வைத்திருந்த பாடக் குறிப்புகளும், பரீட்சைக்குத் தர வேண்டிய கட்டுரையும் போனது போனதுதான். “மூணு நாள் சாப்பிடலைங்க” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு காலத்தில் நானும் நாவல் ஒன்றின் ஏழு அத்தியாயங்களைப் பஸ்ஸின் மேல்தட்டில் வைத்துவிட்டு இறங்கிப் போனவன். அந்த அத்தியாயங்களை மறுபடி எழுதினேன். ஆனால் அவை பழைய அத்தியாயங்கள் அல்ல.

இங்கேதான் சாமிநாதையரின் வாழ்க்கை நமக்கு ஒரு பெரிய பாடம் சொல்கிறது. சட்டமும் கயிறும் துணியும் எவ்வளவு இருந்தாலும் பனை ஓலைக்கு ஆயுள் சில நூற்றாண்டுகள்தான். சங்க நூல்கள் நம் கைக்கு வந்தது ஓலை கெட்டியாக இருந்ததால் அல்ல. பழைய ஏடு ஒடியுமுன் யாரோ ஒருவர் புதிய ஏட்டில் பெயர்த்து எழுதினார். அவருக்குப் பின் இன்னொருவர் எழுதினார். எங்கே அந்தக் கை ஓய்ந்ததோ அங்கே நூல் மாண்டது. ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட ஏடுகளைப் பற்றியும், நெருப்பில் இட்ட ஏடுகளைப் பற்றியும் கேள்விப்பட்டு ஐயர் நெஞ்சு துடித்தார். அதனால்தான் ஊர் ஊராக அலைந்து பிரதிகளைத் தேடினார், ஒப்பு நோக்கினார், அச்சில் ஏற்றினார். 1887-இல் சீவக சிந்தாமணி, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு. ஒரு பிரதி ஆயிரம் பிரதியானபின் செல்லும் கறையானும் என்ன செய்ய முடியும்?

இதை அவளிடம் சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அரியலூர் வந்துவிட்டது. சிமெண்டு லாரிகளின் புழுதிக்கு நடுவே பஸ் நின்றது. பையை இரண்டு கைகளாலும் எடுத்துக் கொடுத்தேன்.

“இப்போது எழுதுவதற்கெல்லாம் பிரதி எடுத்து வைக்கிறாயா அம்மா?” என்று மட்டும் கேட்டேன்.

“தினம் ராத்திரி ஒரு பென் டிரைவில் ஏத்தி ஆயாகிட்ட கொடுத்திருவேன். அது சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கும்” என்றாள்.

அவளுடைய ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதாம். ஆனாலும் காலையில் பேத்தி கேட்காமல் அந்தச் சுருக்குப் பையை அவிழ்ப்பதில்லையாம்.

பெண் கூட்டத்தில் இறங்கி மறைந்தாள். நான் ரயிலடியை நோக்கி நடந்தேன். என் பையில் இருந்த கைப்பிரதிக்கு நகல் இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ரயிலை விட்டுவிட்டு, முதலில் ஒரு ஜெராக்ஸ் கடையைத் தேடினேன்.