கொழும்புத்துறைக் குடிலில் ஒரு நீண்ட முதுமை

பக்தி பற்றி நாங்கள் எழுதுகிற வரலாறுகள் பெரும்பாலும் தொடக்கத்தோடேயே முடிந்துபோகின்றன. குருவைக் கண்டார், வேலையை விட்டார், துறவியானார். அதற்குப் பிறகு அந்த மனிசர் நாற்பது, ஐம்பது வருசம் எப்படி இருந்தார் எண்டு கேட்டால், இரண்டு அற்புதக் கதைகளோடு நிறுத்திவிடுவோம். ஆனால் கடைசிவரைக்கும் நிலைத்து நிற்பதுதானே கஷ்டம்? யோகர் சுவாமியின் முதுமையைப் பற்றி எழுத நினைத்ததும் இதனால்தான்.

1872இல் மாவிட்டபுரத்தில் பிறந்தவர். கத்தோலிக்கப் பாடசாலையான புனித பத்திரிசியார் கல்லூரியில் படித்தார். பிறகு கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தளத்தில் களஞ்சியப் பொறுப்பாளர். ஊர் 'விசர்' எண்டு ஒதுக்கிய செல்லப்பா சுவாமியை நல்லூர்த் தேரடியில் சந்தித்தது அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது. உத்தியோகத்தை விட்டார். கொழும்புத்துறையில் முதலில் ஒரு இலுப்பை மரத்தடி, பிறகு ஒரு சின்னக் குடில். இந்தப் பகுதி எல்லாருக்கும் தெரிந்த கதை.

எங்களுக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு வந்த நீண்ட காலம். குரு மறைந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு அவர் அதே ஊரிலேயே இருந்தார். இரண்டு உலகப் போர்கள், 1948 சுதந்திரம், 1956 தனிச்சிங்களச் சட்டம், 1958 கலவரம் எல்லாம் அந்தக் காலத்துக்குள் வந்து போயின. அவர் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் நடந்தார், வீடுகளுக்குப் போனார், சிலரை அணைத்தார், சிலரை ஏசிக் கலைத்தார். 1935இல் 'சிவதொண்டன்' சஞ்சிகை தொடங்கியபோது அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. 1953இல் யாழ்ப்பாணத்தில் சிவதொண்டன் நிலையம் உருவானபோது எண்பதும் கடந்துவிட்டது. மற்றவர்கள் ஓய்வெடுக்கிற வயதிலும் தொண்டு நிற்கவில்லை.

1961இல், 88 வயதில், தன்னுடைய பசுவைக் கவனிக்கப் போன இடத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பல மாதம் ஆஸ்பத்திரி, பிறகு சக்கர நாற்காலி. வாழ்நாள் முழுக்க நடந்து திரிந்த மனிசருக்கு நடையே இல்லாமல் போனது. 1964 மார்ச்சில், 91 வயதில் சமாதியடையும்வரை ஆட்கள் அவரைத் தேடி வந்துகொண்டே இருந்தார்கள்.

அவரைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலானோர் அடியார்கள். ஆகவே அதிசயக் கதைகளைக் கொஞ்சம் கவனமாகத்தான் வாசிக்க வேண்டும். ஆனால் அவற்றையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒரு விசயம் மிஞ்சும். உடம்பால் செய்யக்கூடியது ஒவ்வொன்றாகக் குறைந்தபோதும் கடவுளோடிருந்த உறவு குறையவில்லை. அப்படியெண்டால் அந்த உறவு நடையிலும் உழைப்பிலும் மட்டும் தங்கியிருக்கவில்லை எண்டுதானே அர்த்தம்?

இது துறவிகளுக்கு மட்டும் உரிய கேள்வி இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, முழங்கால் நோவோடு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற அம்மம்மாக்கள் எங்கட ஊர்களில் எத்தனை பேர்! 'வேற வேலை இல்லை, அதுதான் கோயில்' எண்டு நாங்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். போரிலும் இடப்பெயர்விலும் எல்லாம் இழந்த பிறகும் அவர்கள் விளக்கேற்றுவதை ஏன் விடவில்லை? நம்பிக்கை உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இது வரலாற்றுக் கேள்விதான். அதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் இப்பவும் எங்கட வீட்டு விறாந்தைகளில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுவோம்.