யூனியன் ஜீப்பும் நம்மூர்ப் பட்டறைகளும்

பழைய டீசல் ஜீப் ஒன்றின் எஞ்சினை இறக்கி வேலை பார்க்கும் படத்தை என் மாணவர் ஒருவர் அனுப்பியிருந்தார். "சார், இதற்கும் வரலாறு உண்டா?" என்று கேட்டிருந்தார். உண்டு தம்பி. நம் மாவட்ட வரலாற்றில் அதற்கும் ஓர் இடம் உண்டு.

1952 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதன்பின் வட்டார வளர்ச்சி அலுவலகம் என்றாலே ஜீப் என்றானது. நாம் "யூனியன் ஜீப்" என்போம். கண்மாய்க் கரையிலும் செம்மண் தடத்திலும் போகக்கூடிய வண்டி அன்று அதுதான்.

அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை மகிந்திரா கம்பெனி இங்கே தயாரித்தது. அதன் பெட்ரோல் எஞ்சின் 2199 சி.சி. சிலிண்டர் பிளாக்கிலேயே வார்க்கப்பட்டிருக்கும். தேய்ந்தால் ரீபோர் செய்து, ஓவர் சைஸ் பிஸ்டன் போட வேண்டும். பிஸ்டனுக்கு வெளிநாட்டையே நம்பியிருக்கவும் வேண்டியதில்லை. சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949இலேயே தொடங்கிவிட்டது.

1973இல் உலக எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோல் விலை ஏறியது, டீசல் ஜீப்புக்கு மவுசு கூடியது. மகிந்திராவும் வோல்டாஸும் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் 1963இல் சேர்ந்து தொடங்கிய டிராக்டர் கம்பெனி ஒன்று இருந்தது. அந்த டிராக்டர் எஞ்சினின் வழி வந்ததுதான் ஜீப்பின் முதல் டீசல் எஞ்சின்களில் ஒன்று. அதனால் டிராக்டர் மெக்கானிக்கே ஜீப்பிலும் கை வைக்க முடிந்தது.

1979இல் பிரான்சின் பெஜோ கம்பெனியிடம் உரிமம் பெற்று எக்ஸ்.டி.பி. 4.90 எஞ்சின் வந்தது. பெயரிலேயே கணக்கு இருக்கிறது பாருங்கள். 4 சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மி.மீ. விட்டம். மொத்தம் 2112 சி.சி. இதில் சிலிண்டர் தனி லைனர். அதைச் சுற்றி நேரடியாகத் தண்ணீர் ஓடும். தேய்ந்தால் பழைய லைனரை எடுத்துவிட்டுப் புதிய லைனர், பிஸ்டன், ரிங் செட் போடலாம். பிளாக்கைக் கடைய வேண்டியதில்லை. இத்தனை வயதான வண்டிகள் இன்றும் ஓடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் கைப்பக்குவம் வேண்டும். லைனரின் விளிம்பு பிளாக்கைவிட மயிரிழை உயர்ந்து நிற்க வேண்டும். தாழ்ந்தால் கேஸ்கெட் சரியாகப் பிடிக்காது. தண்ணீர் ஆயிலில் கலந்து மோர் போலாகிவிடும். புகையையும் படிக்கத் தெரிய வேண்டும். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது. கரும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று போதவில்லை. சூடான பின்னும் வெண்புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். நம்மூர்ச் செம்மண் தூசி ஏர் கிளீனரைத் தாண்டினால் லைனரை அரம் போல் அராவிவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் முதலில் ஏர் கிளீனரைத் திறந்து பார்ப்பார்கள்.

15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் ரத்து செய்ய மத்திய அரசு விதி கொண்டுவந்தது. பழைய அரசு ஜீப்புகள் பலவற்றின் காலம் அதோடு முடிந்தது. பெரும்பாலும் தனியாரிடம் இருப்பவைதான் மிச்சம். புகை, பாதுகாப்பு என்று பார்த்தால் அந்த விதியில் நியாயம் இருக்கிறது. நான் மறுக்கவில்லை. ஆனால் வண்டியோடு அந்தக் கைப்பழக்கமும் எடைக்குப் போய்விடக் கூடாது.

நம் மன்னர்களின் செப்பேட்டைப் படிக்க ஆள் இருக்கிறார்கள். பட்டறையில் ஐம்பது வருடம் நின்றவரின் அறிவை எழுதி வைக்க ஆளில்லை. உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் ஜீப் மெக்கானிக் யாராவது இருந்தால் அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்த எஞ்சின், எந்த ஆண்டு, எப்படிச் சரிசெய்தார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும், நான் திருத்தித் தருகிறேன்.

நலமுடன் இருங்கள் பிள்ளைகளே.