'தற்காலிகம்' என்னும் சொல்லின் வரலாறு

இலங்கையின் பெருந்தோட்டத் தொழிலாளர் வந்துபோகும் கூட்டத்தினர் என்னும் கருத்து, அரச கொள்கையில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. அக்கருத்து எத்தகைய பொருளாதாரத் தேவையின் அடியாகத் தோன்றியது, அத்தேவை மறைந்த பின்னரும் ஏன் நீடித்தது என்பவற்றை ஈண்டு நோக்குவோம்.

கோப்பிக் காலத்தில் அக்கருத்து உண்மைக்குப் புறம்பானதன்று. 1830கள் முதலாகத் தமிழக மாவட்டங்களிலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாய் வந்தோரிற் பெரும்பாலோர் ஆண்கள். அறுவடை முடிந்ததும் அவர்கள் ஊர் திரும்பினர். நோயாலும் பசியாலும் வழியிலே மடிந்தோரும் பலர். தொழிலாளியின் குழந்தைப் பருவம், முதுமை, வேலையற்ற மாதங்கள் ஆகியவற்றின் செலவைக் கிராமம் சுமந்தது. உழைக்கும் மாதங்களின் பயனைத் தோட்ட மூலதனம் பெற்றது. சுழற்சிப் பெயர்வின் பொருளாதார அடிப்படை இதுவே.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைப் பெற்ற தேயிலையோ ஆண்டு முழுவதும் உழைப்பை வேண்டி நின்றது; குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் பணியிலிருந்து நீங்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. கங்காணியிடம் பட்ட கடனும், 1921இல் ஒழிக்கப்படும் வரை வழங்கிய 'துண்டு' முறையும் அவர்களைத் தோட்டத்தோடு மேலும் பிணைத்தன. உழைப்பு நிரந்தரமாயிற்று, உழைத்தோர் மட்டும் தற்காலிகமானோராகவே கருதப்பட்டனர்.

இம்முரண்பாடு அரசியலில் வெளிப்பட்டது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரிகளுக்கும் துணைசெய்தமை மனங்கொள்ளத்தக்கது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டுச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 1948இல் பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்த லங்கா சமசமாஜக் கட்சி, 1964இல் ஒப்பந்தம் செய்த அரசாங்கத்தில் அங்கம் வகித்தது. வர்க்க ஒருமைப்பாடு இனவாதத்தின் முன் தளர்ந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

நாடற்ற நிலையை நீக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இதற்கிடையே, 1985இல் நிறுவப்பட்ட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் வழி, மலையகப் பெண்கள் உட்பட இந்நாட்டுத் தொழிலாளர் ஒப்பந்தக் காலத்துக்கு வளைகுடா நாடுகளுக்கு அனுப்பப்படலாயினர். அன்று தமிழகக் கிராமம் சுமந்த செலவை இன்று இலங்கைக் குடும்பம் சுமக்கிறது. ஆகவே, 'தற்காலிகத் தொழிலாளர்' என அரசுகள் கூறும்போது, தற்காலிகமாக்கப்படுவது உழைப்பா, உரிமையா என்று வினவுதல் ஆய்வாளரின் முதற்கடன் என்பது எமது துணிபு.