208 வளைவுகளும் ஒரு பழைய கோப்பும்

1999-இல் நம் மலை ரயில் பாதையை கோரல்டிராவில் வரைந்து வைத்தேன். மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை 46 கிலோமீட்டர், 208 வளைவுகள். ரயில்வே நண்பர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல வரைந்தது. அவர் இன்று இல்லை. கோப்பு இருக்கிறது; திறக்கும் மென்பொருள் இல்லை. புதிதாய் வாங்க பென்ஷன்காரனுக்குக் கட்டுபடியாகாது.

கம்ப்யூட்டரில் வளைவு வரையும் கணக்கு பிரான்சில் பிறந்தது. 1959-இல் சித்ரோயன் கார் கம்பெனியில் த காஸ்தெல்ழோ கண்டுபிடித்தார். கம்பெனி ரகசியமாகப் பூட்டி வைத்தது. ரெனோவில் பியேர் பெஸியே அதைத் தனியாகக் கண்டு வெளியிட்டார். பெயர் அவருக்கே நின்றது. (புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் காதுக்கு, நம்மவர்கள் சொல்லும் ‘பெசியர்’ இன்னும் உறுத்தும்.)

கோரல் கோப்பின் உள்ளமைப்பும் வெளியிடப்பட்டதல்ல. ஆர்வலர்கள் பிரித்துப் பிரித்துப் பார்த்து எழுதிய நிரலால், 2012 முதல் இலவச லிபர்ஆபீஸ் அதைத் திறக்கிறது. கோடுகள் அப்படியே வந்தன. ஊர்ப்பெயர்கள்தாம் பழைய எழுத்துருவால் குதறிக் கிடந்தன. யூனிகோடில் மறுபடி தட்டி, எஸ்விஜியாகச் சேமித்தேன். அது 2001-இல் வந்த பொதுத்தரம். நோட்பேடில் திறந்தாலே அருவங்காடு ஸ்டேஷன் புள்ளி எந்த எண்ணில் நிற்கிறது என்று படிக்கலாம்.

கேத்திக்கு முன்னால் ஒரு வளைவைத் திருத்தச் சொல்லியிருந்தார் நண்பர். நேற்றுதான் திருத்தினேன்.