ஜப்பான் ஏர்லைன்ஸ் மீட்சி: தத்துவமா, கணக்கா?

2010 ஜனவரி 19 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸ் (ஜேஏஎல்) திவாலாகி நீதிமன்றப் பாதுகாப்பைக் கோரியபோது அதன் கடன் ஏறத்தாழ 2.3 லட்சம் கோடி யென். பிப்ரவரியில் தலைவர் பொறுப்பேற்ற கஸுவோ இனாமோரிக்கு வயது 78. கியோசெராவை நிறுவியவர், 1997இல் பௌத்தத் துறவு பூண்டவர். விமானத் தொழிலில் முன் அனுபவம் இல்லை, சம்பளமும் வாங்கவில்லை. 2012 செப்டம்பரில் நிறுவனம் டோக்கியோ பங்குச் சந்தைக்குத் திரும்பியது. இதை ஒரு துறவியின் தத்துவம் நிகழ்த்திய அற்புதமாகச் சொல்வது மேலாண்மை எழுத்தில் வழக்கமாகிவிட்டது. காலவரிசைக்கு முன் அந்தக் கதை நிற்காது என்பதே என் வாதம்.

2011 மார்ச்சில் முடிந்த நிதியாண்டின் செயல்பாட்டு லாபம் 18,840 கோடி யென். மறுசீரமைப்புத் திட்டம் எதிர்பார்த்தது 6,410 கோடிதான். ஆனால் 'ஜேஏஎல் தத்துவம்' என்ற கையேடு வெளிவந்ததே 2011 ஜனவரியில். நிறுவனத்தைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொன்றின் லாபநஷ்டத்தையும் தனித்தனியே பார்க்கும், இனாமோரியின் பெயரோடு ஒட்டிக்கொண்ட அமீபா கணக்குமுறை நடைமுறைக்கு வந்தது ஏப்ரலில், அதாவது அந்த நிதியாண்டு முடிந்த பிறகு. இன்னும் கொடுக்காத மருந்தால் நோய் தீர்ந்தது என்று சொல்ல முடியுமா? முதலாண்டு லாபம் வேறிடத்திலிருந்து வந்தது. ஏறத்தாழ 16,000 பேர் குறைக்கப்பட்டார்கள். ஓய்வூதியம் வெட்டப்பட்டது. எரிபொருளைக் குடிக்கும் ஜம்போ விமானங்களும் நஷ்டத் தடங்களும் கைவிடப்பட்டன. விமானங்களின் ஏட்டு மதிப்பு குறைந்ததால் தேய்மானச் செலவும் இறங்கியது. இவற்றில் பெரும்பகுதி மீட்புத் திட்டத்தின் வேலை. யார் தலைவராக வந்திருந்தாலும் நடந்திருக்கும்.

அப்படியானால் எல்லாம் அரசு தயவு என்று முடித்துவிடலாமா? போட்டி நிறுவனமான ஏஎன்ஏ ஏறக்குறைய அப்படித்தான் முறையிட்டது. அரசுசார் நிதியம் 35,000 கோடி யென் முதலிட்டதும், வரிச்சலுகை கிடைத்ததும் உண்மை. எனினும் வரிச்சலுகை செயல்பாட்டு லாபத்தைத் தொடுவதில்லை. இனாமோரியை எடைபோட இரண்டாம் ஆண்டே சரியான இடம். 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பின் பயணிகள் குறைந்து, வருவாய் 1,36,220 கோடி யென்னிலிருந்து 1,20,480 கோடிக்கு விழுந்தது. லாபமோ 20,490 கோடிக்கு ஏறியது. ஆட்குறைப்பின் முழுப் பலனும் இதில் சேர்ந்திருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் பேரிடர் ஆண்டில் செலவை மாதாமாதம் வருவாயோடு இழுத்துப் பிடிக்க, ஒருமுறை போட்ட வெட்டு போதாது.

அந்தப் பிடி எங்கிருந்து வந்தது? முன்பு கணக்கு வந்து சேரவே இரண்டு மூன்று மாதம் ஆகும். இந்தத் தடத்தின் லாபநஷ்டத்துக்கு நான் பொறுப்பு என்று சொல்ல ஆளில்லை. 2010 டிசம்பரில் தடங்களுக்கென ஒரு தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர் முன்னாள் விமானி யோஷிஹாரு உவேகி. அமீபா முறையில் இந்தப் பிரிவு, விமானி, பணியாளர், பராமரிப்பு எல்லாவற்றையும் மற்றப் பிரிவுகளிடமிருந்து உள்விலை கொடுத்து 'வாங்கியது'. ஒவ்வொரு சேவையின் லாபநஷ்டமும் மறுநாளே தெரிந்தது. முன்பதிவு குறைந்த நாளில் சிறிய விமானம், கூடிய நாளில் பெரியது என்று மாற்றிவிட முடிந்தது. மாதாந்திரக் கூட்டத்தில் ஒவ்வொரு நிர்வாகியும் தன் பிரிவின் எண்களை வரி வரியாக விளக்க வேண்டியிருந்தது. இனாமோரி சின்னச் செலவையும் விடாமல் கேட்பார். 2010 ஜூனில் ஏறத்தாழ 50 மூத்த நிர்வாகிகளுக்கு அவர் நடத்திய பயிற்சியை நான் ஒதுக்கிவிடவில்லை. தன் எண்களுக்குத் தானே பதில் சொல்வது அவமானமல்ல என்ற மனநிலை அங்கே உருவானது. தத்துவத்தின் பங்கு அதுவரைதான் என்று நினைக்கிறேன்.

அந்தத் தத்துவம் தனித்து நின்று சோதிக்கப்பட்ட இடமும் ஒன்று உண்டு. நிறுவனக் கொள்கையின் முதல் குறிக்கோளே ஊழியர் அனைவரின் பொருள்வளமும் மனநிறைவும். லாபம் இலக்கைத் தாண்டிக்கொண்டிருந்த 2010 டிசம்பர் 31 அன்று 81 விமானிகளும் 84 விமானப் பணியாளர்களும் நீக்கப்பட்டார்கள். அவர்களை வைத்துக்கொள்வது நிர்வாகரீதியில் முடியாத காரியமல்ல என்ற பொருள்பட, 2011 பிப்ரவரியில் இனாமோரியே பத்திரிகையாளர்களிடம் பேசினார். மறுசீரமைப்புத் திட்டத்தில் கொடுத்த வாக்கை மீற முடியாது என்பது அவர் தரப்பு. நீக்கம் செல்லும் என்று 2015இல் உச்ச நீதிமன்றத்தில் முடிவானது. கடன் கொடுத்தவர்களுக்குத் தந்த வாக்கும் ஊழியர்களுக்குத் தந்த வாக்கும் மோதியபோது முதலாவதே வென்றது. எது வெல்ல வேண்டும் என்பதற்கு அந்தக் கையேட்டில் விடையில்லை.