மரை போடும் கணக்கு

கம்மலின் திருகாணி தொலைந்துபோனால், இன்னொரு ஜோடியின் திருகாணி அதில் ஏறாது என்பது நமக்குத் தெரியும். சுமார் 1800 வரை போல்ட்டும் நட்டும்கூடப் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தன. அதனதன் ஜோடி அதனதற்கு.

அந்தக் காலத்தில் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே உருவாக்கிய லேத், ஒரே மரையைத் திரும்பத் திரும்பப் போட வழிசெய்தது. சக்கில் சுழலும் கம்பியையும், டூலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவையும் கியர்கள் இணைத்தன. கியரை மாற்றினால் மரையின் நெருக்கமும் மாறும். மாட்ஸ்லேயிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த், 1841-இல் எல்லோருக்கும் பொதுவான மரை அளவுகளை முன்வைத்தார்.

கணக்கு எளிது. லீட் ஸ்க்ரூவில் அங்குலத்துக்கு 4 மரை. நமக்கு வேண்டியது 8. கம்பி ஒரு சுற்றுச் சுற்றும்போது லீட் ஸ்க்ரூ அரைச் சுற்றுச் சுற்ற வேண்டும். எனவே ஸ்பிண்டில் பக்கம் 40 பல், லீட் ஸ்க்ரூவில் 80 பல். நடுவில் மாட்டும் ஐட்லருக்கு எத்தனை பல் இருந்தாலும் விகிதம் மாறாது. அங்குல லேத்தில் மில்லிமீட்டர் மரை போட 127 பல் கியர் வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அதன் ஐந்து மடங்கு 127. ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்தான்.

வடசென்னையில் இந்தக் கணக்குக்குச் சம்பளம் உண்டு. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரிலும், 1955-இல் தொடங்கிய என்ஃபீல்ட் இந்தியா திருவொற்றியூரிலும் வண்டி செய்தன. டர்னர் என்றாலே ஆண் என்று ஆனது.

அதே 1948-இல்தான் தொழிற்சாலைகள் சட்டமும் வந்தது. ஓடும் பாகங்களால் காயம்படும் ஆபத்து இருந்தால், பெண்ணோ இளம் வயதினரோ எந்திரத்தைத் துடைக்கவோ, எண்ணெய் போடவோ, அட்ஜஸ்ட் செய்யவோ கூடாது என்றது அதன் 22-ஆம் பிரிவு. பையனுக்கு 18 வயதானால் தடை நீங்கியது. பெண்ணுக்கு 50 ஆனாலும் நீங்கவில்லை. வீட்டில் எல்லாவற்றுக்கும் ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’ என்று கேட்டு வளர்ந்தவள், எந்திரத்தை மட்டும் அட்ஜஸ்ட் செய்யக் கூடாது என்றிருந்தது!

முதல் உலகப் போரில் பிரிட்டனின் வெடிகுண்டு ஆலைகளில் ஏராளமான பெண்கள் லேத் ஓட்டினார்கள். ஆனால் எந்திரத்தை அமைத்துக் கொடுக்கும் வேலை பெரும்பாலும் ‘செட்டர்’ எனப்பட்ட ஆணிடமே இருந்தது. போர் முடிந்ததும், 1919-இல் பழைய நடைமுறைகளை மீட்க ஒரு சட்டம் வந்தது. கூடுதல் கூலி செட்டிங்கில் இருக்கிறது. ஓட்டுபவரை மாற்றிவிடலாம், அமைப்பவரை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது.

ஆபத்து பொய்யல்ல. ஓடும் கியரில் முந்தானை சிக்கும். ஆணின் விரலும் நசுங்கும். அதற்குத்தான் கியர் மூடியும் ஓவர்கோட்டும். கியர் மாற்றும் வேலையோ மின்சாரத்தை நிறுத்திய பிறகு செய்வது.

பெண்களுக்கான இரவு வேலைத் தடையை 2000-இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பு எந்த நேரத்தில் வேலை செய்யலாம் என்பதைப் பற்றியது. எந்த வேலையை யாருக்குக் கற்றுத் தருகிறார்கள் என்பது இன்னும் பட்டறைக்குள்தான் முடிவாகிறது. உள்ளே போகும் பெண் முதலில் கேட்க வேண்டியது, அந்த 127 பல் கியர் எங்கே இருக்கிறது என்பதை.